தெருவெல்லாம் மஞ்சள்

பிப்ரவரி 24, திங்கள்

குடிதண்ணீர் பத்து நாள் கழித்து வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுக் கிளம்பியதால் ஒன்பது மணி மதுரை பஸ்தான் கிடைத்தது. நான், தம்பி தனுஷ்கோடி, அவன் மனைவி சந்தனமாரி, அவர்கள் மகள் இலக்கியா.

இலக்கியாவுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம், இருட்டு இரண்டும் தெரியும், அவ்வளவுதான். கைக்குழந்தையாக இருந்தபோது காட்டிய இடத்தில் நரம்பே சரியில்லை என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். போன மாதம் அவள் பள்ளிக்கூடத்துக் கண் முகாமுக்கு வந்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லாத்தானே இருக்கு? புரைய எடுத்தாப் பார்வை வருமே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த பிறகு இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நிலோஃபர் என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மனோதத்துவம் படித்தவர். வெகுநாள் பார்வை இல்லாமல் இருந்து பிறகு பார்வை பெறும் குழந்தைகள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார்; பயிற்சியும் அவரே கொடுப்பாராம்.

"கண்ணு ஒரே நாள்ல தொறந்துரும். பாக்கக் கத்துக்கிறதுக்கு மாசக்கணக்கா ஆகும். அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

தனுஷ்கோடிக்குப் புரியவில்லை. கண் திறந்தால் தெரியத்தானே வேண்டும் என்றான். நான் அவனுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். "கேரளாவுக்குப் போனப்ப பஸ் போர்டைப் பாத்தோமே, எழுத்து நல்லாத்தான் தெரிஞ்சது. எந்த ஊர்னு தெரிஞ்சதா?" நிலோஃபர் சிரித்து, "டீச்சரா நீங்க?" என்றார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆனாலும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எம் மூஞ்சி அவளுக்கு எப்பத் தெரியும்?"

"முகம் கடைசியிலதாங்க வரும். மொதல்ல நெறந்தான் பிடிபடும். மஞ்சள், செவப்பு மாதிரி பளிச்சுனு இருக்கிறது."

திரும்பி வரும்போது மாரி பஸ்ஸில் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மகள் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாளாம்.

மார்ச் 2, ஞாயிறு

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். காலையில் உப்புமா.

மாரிக்கு நாளை மறுநாள் கடைக்கு ஆயிரம் காகிதப் பை ஒட்டிக் கொடுக்க வேண்டும். கூடத்தில் மைதாப் பசைச் சட்டியுடன் உட்கார்ந்துவிட்டாள். இலக்கியா வழக்கம்போல அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பை ஒட்டும்போது மாரிக்கு இரண்டு கையும் பசை. முகம் வியர்த்தால் தோளைத் தூக்கிக் கன்னத்தை அதில் துடைத்துக்கொள்வாள். அப்போது இலக்கியாவின் தலை எகிறும். அதற்காகவே அந்தப் பிள்ளை அங்கே சாய்கிறது.

"இடிச்சுட்டேனாடி?"

"இன்னொரு தடவ இடிங்க."

"போடி. எனக்கு வேர்த்தாத்தானே!"

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கியாவுக்கு நான் கதை படித்துச் சொல்வேன், தலை பின்னிவிடுவேன், கணக்கு எல்லாம் என்னிடம்தான். ஆனால் சாய்வது அங்கேதான். அது அப்படித்தானே இருக்க வேண்டும்.

தனுஷ்கோடி அச்சகத்திலிருந்து ஒரு காலண்டர் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்தான். மீனாட்சி படம். அவன் ஓட்டும் ஆஃப்செட் மிஷினில் அடித்தது. "நாலு கலரும் ஒரு மயிரிழை பிசகலக்கா. கட்டவுக்கும்போது எம் மக மொதல்ல இதத்தான் பாக்கணும்" என்றான். சித்திரை முதல் நாள் கண் விழித்ததும் கனி பார்க்கிறோமே, அது மாதிரியாம்.

"படத்தயா மொதல்ல பாக்கணும்? பெத்தவளப் பாக்க வேண்டாமா?" என்று மாரி முணுமுணுத்தாள்.

"ஆத்தாளுக்கும் ஆத்தா அவ. அவளப் பாத்துட்டு ஒன்னையப் பாக்கட்டும்."

மார்ச் 12, புதன்

போன வாரம் வலது கண்; இன்று இடது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. நாளை இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டு அவிழ்ப்பு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். கட்டியிருந்த சேலையில் காப்பியைக் கொட்டிக்கொண்டேன். பையில் இருப்பது நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கொடுத்த மஞ்சள் சுங்குடி ஒன்றுதான். அதை ஏன் எடுத்து வைத்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 13, வியாழன்

கட்டை அவிழ்த்துக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். கனமான கண்ணாடி. அவள் கண்கள் அதற்குள் பெரியதாக, ஈரமாக, எங்கேயோ அலைந்தன. யாரும் பேச வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

தனுஷ்கோடி மீனாட்சியை விரித்துப் பிடித்தான். இலக்கியா கையை நீட்டித் தாளைத் தடவினாள். மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"என்னடா தெரியுது?"

"காகிதம்ப்பா."

"காகிதத்துல?"

"ஒண்ணுமே இல்ல. வழவழன்னு இருக்கு."

அவன் தாளைச் சுருட்டினான். சுருட்டுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "அம்மா எங்கன்னு காட்டு" என்றான்.

மாரி ஊதாச் சேலையில் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். நான் ஜன்னல் பக்கம். இலக்கியாவின் முகம் அறையைச் சுற்றி வந்து என் பக்கம் நின்றது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா."

வெயில் என் மேல் விழுந்திருந்தது. மஞ்சள் வேறு. நிறம்தான் முதலில் பிடிபடும் என்று நிலோஃபர் சொன்னாரே, அதுதான். வேறொன்றுமில்லை.

"நான் இங்க இருக்கேன்டி" என்றாள் மாரி. குரல் கேட்டதும் இலக்கியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நேராக, ஒன்றிலும் இடிக்காமல் அவளிடம் போய்விட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

ஊருக்கு வந்தோம். மஞ்சள் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாரியிடம் கொடுத்தேன்.

"இதை நீ கட்டு. அவளுக்கு இந்த நிறம் தெரியுது. தெரியிற இடத்துல நீ இருக்கணும்."

"ஒங்களுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்ததுல்லா மதினி?"

"இந்த வயசுல எனக்கெதுக்கு மஞ்சள்?"

அவள் வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள் என்று நினைக்கிறேன். மாவு அரைக்கப் போக வேண்டியிருந்ததால் கவனிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வாசலில் விழுந்திருக்கும் தந்திக் கம்ப நிழலைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்குகிறாள். டம்ளர் மேல் மின்னும் வெளிச்சத்தைக் கிள்ளி எடுக்கப் பார்க்கிறாள். கம்பத்துக்குப் பின்னால் படுத்திருக்கும் மாடு அவளுக்கு இரண்டு துண்டு. இரண்டும் வேறு வேறு. நமக்கு ஒரு மாடாகத் தெரிகிறதே, அதை எப்போது கற்றோம்? தொட்டிலில் கிடந்தபோதே கற்றிருப்போம்.

சற்று நேரம் பார்த்தால் தலை வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். மூடியபடி நடந்தால் வீடு முழுக்க ஓடுகிறாள். திறந்தால் சுவரைப் பிடிக்கிறாள்.

மாரி நாள் முழுக்க மஞ்சள்தான். இரவில் அலசிப் போட்டுக் காலையில் கட்டுகிறாள். "அம்மா!" என்று அந்தப் பிள்ளை தூரத்திலிருந்தே கை நீட்டும்போது மாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று காலையில் சேலை காயவில்லை என்று மாலை வரை கொடியிலேயே கிடந்தது. நான் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். இலக்கியா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். உடனே திருத்தினேன். உடனேதான்.

மார்ச் 27, வியாழன்

மதுரை. பஸ்ஸில் ஒருவர் கூடை நிறைய மல்லிகை வைத்திருந்தார். இலக்கியா வழி முழுக்க அந்தப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

நிலோஃபர் மேசை மேல் பல நிறக் கட்டைகளைக் கலந்து வைத்து, அதில் பந்தைக் காட்டச் சொன்னார். தெரியவில்லை. பந்தை லேசாக உருட்டினார். உடனே கையை வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா? அசையாத வரைக்கும் எல்லாம் துண்டு துண்டுதான். அசைஞ்சா, சேர்ந்து அசையிறதெல்லாம் ஒரே பொருள்னு மூளை புரிஞ்சுக்கும். இவங்களுக்கு அதுதான் மொத வழி."

புல்லில் இருக்கும் பச்சை வெட்டுக்கிளி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. தத்தினால் தெரியும்.

பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களில் அம்மா யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். இலக்கியா கொஞ்சம்கூடத் தயங்காமல் மஞ்சள் சேலையிடம் போய் நின்றாள். தனுஷ்கோடிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். நிலோஃபர் மாரியின் சேலையைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். மாரி என்னைப் பார்த்தாள். நான் ஜிகர்தண்டாவைப் பார்த்தேன்.

"இல்லங்க, மதினி சேல" என்றாள் மாரி. அது பொய்யில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இன்று மாரி அக்னிச்சட்டி எடுத்தாள். மகள் தன்னைப் பார்த்துவிட்டாள், நேர்ந்ததைச் செய்ய வேண்டும் என்றாள். காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அதே சேலையைக் கட்டிக்கொண்டு, தனுஷ்கோடியுடன் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். நானும் இலக்கியாவும் தேரடிப் பக்கம் ஒரு கடை வாசலில் நின்றோம். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். "அம்மா வரும்போது நல்லாப் பாரு" என்றேன்.

முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவள் நான். சின்ன வயதிலிருந்து இந்தத் திருவிழாவைப் பார்ப்பவள். எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

மேளச் சத்தம் நெருங்கியது. ஊர்வலம் தெரு திரும்பியது. சட்டி எடுப்பவர்கள் எல்லோரும் மஞ்சள். பின்னால் வேப்பிலையுடன் வருபவர்கள் மஞ்சள். கூட வரும் குழந்தைகளும் மஞ்சள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு நிறத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா!" என்றாள் இலக்கியா. அவள் கை குதித்தது. "அத்தை, அந்தா அம்மா! இந்தா, இங்கயும் அம்மா!" பிறகு அவள் குரல் மாறியது. "அத்தை, எத்தன அம்மா?"

நான் பதில் யோசிப்பதற்குள் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டத்துக்குள் அவளைத் துரத்தினேன். ஒரு மஞ்சள் சேலையைப் பிடித்து "அம்மா" என்றாள். அந்தப் பெண் குனிந்து பார்த்து, "யார் புள்ள பாப்பா நீ?" என்றதும் குரல் வேறாக இருப்பது தெரிந்து விட்டுவிட்டாள். அடுத்தவள். அதற்கடுத்தவள். ஒருத்தி சாமியாடிக்கொண்டிருந்தவள், இவளை உதறினாள். பிறகு எனக்குப் பிள்ளை தெரியவில்லை. மஞ்சள்தான் தெரிந்தது.

அவளைக் கண்டபோது தெரு நடுவில் நின்றிருந்தாள். கண்ணாடி கையில் இருந்தது. இரண்டு கண்ணையும் முஷ்டியால் அழுத்திக்கொண்டு, "அம்மா கொரல் குடுங்க! கொரல் குடுங்கம்மா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தள்ளி மாரி. தீச்சட்டி இரண்டு கையிலும். இறக்கி வைக்க முடியாது. பிள்ளையைத் தொட முடியாது. "இலக்கி! இங்கடி!" என்று அலறினாள். இலக்கியா மூடிய கண்ணுடன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தனுஷ்கோடி இருவரையும் சேர்த்து ஒரு ஓரமாகக் கொண்டுபோனான். மாரி தோளைத் தூக்கித் தூக்கிக் கன்னத்தைத் துடைத்தாள். வியர்வையா, மற்றதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மாரி கண்ணாடியை எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

"போதும் மதினி. கண்ணு தெரியாதப்ப எம் புள்ளைக்கு ஒரே அம்மாதான் இருந்தா. இப்பத் தெருவெல்லாம் அம்மா."

"மாரி, அது நிறத்தால வந்த குழப்பம். முகத்தைக் கத்துக்கிட்டா..."

"எனக்கு மொகம் வேணாம். மூடிக்கிட்டே இருக்கட்டும். மூடினா அவளுக்கு என்னையத் தெரியுதுல்ல?"

சேலையை மடித்து என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் ஓரத்தில் ஒரு பொட்டு தீக்காயம். நான் அதைத் திரும்பவும் அவள் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பயிற்சிக்கு மதுரை போகவில்லை. நிலோஃபர் போன் செய்தார். மாரி எடுக்க வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். தாம்பாளத்தில் மா, பலா, எலுமிச்சை, முகம் பார்க்கும் கண்ணாடி, என் சங்கிலி. இலக்கியா கண்ணை மூடியபடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். தனுஷ்கோடி பார்க்காமல் எழுந்து போய்விட்டான்.

வடை நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

அச்சகம் விடுமுறை. தனுஷ்கோடி நேற்றே எடுத்து வந்திருந்த ஒரு கட்டுத் தாளைக் காலையில் கூடத்தில் போட்டான். எல்லாம் கழிவுத் தாள். அதே மீனாட்சிதான். ஆனால் நிறங்கள் ஒன்றோடொன்று சேராமல், உதடு ஒரு பக்கம், அதன் சிவப்பு ஒரு பக்கம், மூக்குத்தி கன்னத்தில். அம்மனுக்கு நாலு கண் இருந்தது.

மாரி பை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு தாளை விரித்தான்.

"இது என்ன?"

"கெட்டுப்போன தாளு. எனக்குத் தெரியாதாக்கும்."

"மிசின் ஓட ஆரமிச்சா மொதல்ல இப்பிடித்தான் வரும். மஞ்சள் ஒரு பக்கம், செவப்பு ஒரு பக்கம். கொஞ்சங் கொஞ்சமாத் திருகிச் சேக்கணும். ஒரு நாள் நானூறு தாள் வீணாப் போகும், ஒரு நாள் ஆயிரம். அதுக்காக யாராச்சும் மிசின நிப்பாட்டிப் பூட்டிட்டு வீட்டுக்கு வருவாங்களா?"

"எம் புள்ள மிசினா?"

"நான் அன்னிக்கு அவகிட்ட கடைசித் தாள நீட்டினேன். அவளுக்கு இன்னும் மொதத் தாளே ஓடல. தப்பு எம்மேல" என்றான். அவன் குரல் உடைந்தது. எனக்கு அவன் ஏழு வயதில் நின்ற மாதிரி இருந்தது. எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஏழு. அன்றிலிருந்து என் கையில்தான் வளர்ந்தான். அதில் என் கல்யாணப் பேச்சு பின்னால் போய், அப்படியே போய்விட்டது. அதை எதற்கு இப்போது எழுதுகிறேன்?

மாரி இன்னும் இரண்டு பை ஒட்டினாள். பிறகு, "கையெல்லாம் பசை. மேல் தட்டுல கண்ணாடி இருக்கு, எடுங்க மதினி" என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

நிலோஃபரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். சேலை, திருவிழா எல்லாம். மாரிதான் சொன்னாள். சேலை கொடுத்தது என் யோசனை என்பதை நான் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அவ படிச்சது சேலைய. அது சுலபமா இருக்கிற வரைக்கும் முகத்தப் படிக்க மாட்டா. நல்லதுன்னு நெனச்சு வழிய மறச்சிட்டீங்க" என்றார்.

எனக்கு என் வகுப்பு நினைவு வந்தது. கரும்பலகையில் விடையை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னால் எந்தப் பிள்ளை போடும்?

இனி மாரி தினம் வேறு வேறு நிறம் கட்ட வேண்டும். ஒரே நிறத்தை இரண்டு நாள் கட்டக் கூடாது. முதலில் பேசாமல் எதிரில் உட்கார வேண்டும். இலக்கியா திறந்த கண்ணால் பார்த்துக்கொண்டே அம்மா முகத்தைத் தொட வேண்டும்.

மாரி, "அந்தச் சேலைய விட்டா அவளுக்கு நான் யாரு மேடம்?" என்று கேட்டாள்.

நிலோஃபர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மே 3, சனி

வெயில். குடிதண்ணீர் வரவில்லை, லாரியில் வாங்கினோம்.

இலக்கியா மாரியின் மூக்கில் விரல் வைத்து, "இது நீட்டிக்கிட்டு இருக்குன்னு தெரியுது. தொடாட்டித் தெரியல" என்றாள். அம்மா மூக்கை அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று மாரி அவள் மூக்கைத் திருகினாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

தெருவில் பார்த்தால் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நேற்று பச்சைச் சேலையில் மாரி கடையிலிருந்து எதிரே வந்தாள். இலக்கியா அவளைத் தாண்டிப் போய்விட்டாள். மாரியும் கூப்பிடவில்லை. பேசாமல் பின்னாலேயே வந்தாள்.

மே 10, சனி

மாரி சாப்பிடவில்லை. வருகிற வியாழன் நிலோஃபர் வைக்கும் சோதனை. அதிலும் தெரியாவிட்டால் இனி மதுரைக்கு வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். "வீம்புக்குச் சொல்லல மதினி. அவ என்னையத் தாண்டித் தாண்டிப் போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

மே 15, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஒரு நீள அறை. ஐந்து நாற்காலி. ஐந்து பெண்கள்: மாரி, நான், இரண்டு நர்ஸ், துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா. எல்லோருக்கும் ஆபரேஷன் அறைப் பச்சை அங்கி, தொப்பி. சேலை, தலைமுடி எதுவும் தெரியாது. முகம் மட்டும். வளையல்களைக் கழற்றிவிட்டோம். பூ கிடையாது. கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும் என்று நிலோஃபர் சொன்னார். தனுஷ்கோடி கதவோரம் நின்றான்.

இலக்கியாவை அழைத்து வந்தார்கள். கண்ணாடிக்குள் அந்தப் பெரிய கண்கள். "அவசரமே இல்ல. கண்ணத் தெறந்துக்கிட்டே தேடு" என்றார் நிலோஃபர்.

ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள். முதல் நர்ஸ். துப்புரவு அம்மா. மாரி. அங்கே கொஞ்சம் நின்றாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், நகர்ந்துவிட்டாள். மாரி மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்டது.

பிறகு என் முன்னால் வந்தாள்.

வெகுநேரம் நின்றாள். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களை நான் பார்த்ததில்லை. எனக்கு மூக்கு அரித்தது. நான் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. அவள் கை பாதி தூரம் உயர்ந்தது. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கையை இறக்கிவிட்டுக் கடைசி நர்ஸிடம் போனாள். பிறகு அறை நடுவுக்குப் போய் நின்று, "தெரியல" என்றாள். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க. கண்ண மூடிக்கவா?"

நிலோஃபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனுஷ்கோடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாரிக்குக் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. கையை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எடுக்கவில்லை. கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. அவள் தன்னை அறியாமல் இடது தோளைத் தூக்கிக் கன்னத்தை அதில் துடைத்தாள்.

இலக்கியா திரும்பினாள். கண்ணை மூடவில்லை. அகலத் திறந்திருந்தது.

"அந்தா!" என்றாள். "அம்மா கையில பசை!"

ஓடினாள். நடுவில் கிடந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மாரியின் தோளில் தலையை வைத்தாள். பிறகு தலையை எடுத்து, முகத்துக்கு நேராக வந்து, தொடாமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஒங்களுக்கு மூஞ்சியெல்லாம் தண்ணி."

"ஆமாடி" என்றாள் மாரி. "ஆமா."

நிலோஃபர் பக்கத்தில் வந்து, "அசஞ்சுட்டீங்க. ஆராய்ச்சிக் கணக்குல இது செல்லாது" என்றார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "செல்லாட்டிப் போகட்டும். இனி அந்தத் தோள்லயிருந்து முகத்துக்கு வருவோம். அடுத்த வியாழன் வந்துருங்க."

"வாரோம் மேடம்" என்றாள் மாரி, யாரும் கேட்பதற்கு முன்பே.

மே 16, வெள்ளி

நேற்று பஸ்ஸில் நடந்ததை எழுத விட்டுப்போயிற்று. மாரியும் தனுஷ்கோடியும் முன் இருக்கையில் தூங்கிவிட்டார்கள். அவள் தலை அவன் தோளில். இலக்கியா என் பக்கத்தில் ஜன்னலோரம். ஓடுகிற மரங்களை எண்ணிக்கொண்டு வந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, நீங்களும் அங்க இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"நீங்க ஏன் அசையவே இல்ல? அசஞ்சிருந்தா ஒங்களையுந்தான் கண்டுபிடிச்சிருப்பேன்."

"டீச்சர் இல்லியா? பரீட்சை ஹால்ல அசையக் கூடாது" என்றேன்.

அவள் அதை ஒப்புக்கொண்டு மறுபடி மரங்களைப் பார்த்தாள்.

இன்று காலை மாரி மஞ்சள் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இனிமே இது எனக்கு வேண்டாம் மதினி. ஒங்களுக்குத்தான் நல்லா இருக்கும்" என்றாள். என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு பசை காய்ச்சப் போய்விட்டாள்.

பெட்டியில் வைத்தேன். மைதா வாடை அடிக்கிறது. ஒரு நாள் துவைத்துப் போட வேண்டும். அவசரமில்லை.